கானா ராசா இருந்த கதிரை

பக்கத்து வளவில் பழைய தென்னோலைக் கிடுகு எரிக்கிறார்கள். மாரிக்கு முன் வீடு வேய்கிறவர்கள் கூரையிலிருந்து இறக்கியதில் நல்லதைத் தோட்டத்துக்குத் தாட்டுவிட்டு, உக்கிப் போனதைக் குவித்து நெருப்பு வைத்திருக்கிறார்கள். ஆவணி பிறந்தால் வருஷம் தவறாமல் நடப்பதுதான். எனக்குத்தான் அந்த மணம் ஆகாது. யன்னலைச் சாத்தினேன். கிடுகுப் புகை யன்னலுக்கா நிற்கும்? சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு இதை எழுதுகிறேன்.

நீ உயிரோடிருந்த கடைசி வருஷத்தில் உனக்கு ஒரு வரி எழுதாதவள், நீ போய்ப் பத்து வருஷத்துக்கு மேலான பிறகு கடதாசியும் பேனையுமாக இருக்கிறேன். "நல்ல நேரம் பாத்தாயடி" என்று நீ சொல்லுவாய். சொல்லு. ஏசு. நீ ஒருநாளும் என்னை ஏசாமல் போனதுதான் எனக்கு இன்றுவரை தாங்கமுடியாமல் இருக்கிறது.

நாமிருவரும் உடுவிலில் ஒரே விடுதியில் இருந்து படித்தவர்கள். சீமைக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார அம்மா ஒருத்தி தன் புத்தகங்களை எங்களுக்கு விட்டுப்போனபோது, மற்றவர்கள் படம் போட்ட கதைப் புத்தகங்களுக்கு அடிபிடிப்பட்டார்கள். நீ, கறையான் ஒரு மூலையைத் தின்ற தடித்த புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாய். ஆபிரிக்காவின் பழைய இராச்சியங்களைப் பற்றியது. "உதை ஏனடி எடுத்தனீ, விறகுக்கோ?" என்றேன். "ஒருத்தரும் கேக்கேல்லை, அதுதான்" என்றாய். உன் குணம் அது. ஒருவருக்கும் வேண்டாததைத்தான் நீ தூக்குவாய். என்னையும் அப்படித்தான் தூக்கியிருக்க வேண்டும். என் வாய்க்குப் பயந்து அந்த விடுதியில் வேறு எவளும் எனக்குப் பக்கத்தில் பாய் விரிக்கமாட்டாள்.

படித்து முடித்ததும் புத்தூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இருவரும் சேர்ந்தோம். கிடுகுக் கூரை, அரைச்சுவர், ஐந்து வகுப்பு. என் தாயின் தமையன், என் அம்மான்தான் அதற்கு மனேச்சர். அவரால் எனக்கு வேலை, என்னால் உனக்கு வேலை. உன் சுன்னாகத்து வீட்டிலிருந்து நாளும் வந்துபோக ஏலாதென்று நீ எங்கள் வீட்டிலேயே தங்கினாய். என் அம்மா உன்னைத் தன் மூத்த மகள் என்பா. என்னைச் சனியன் என்பா.

அந்தப் பள்ளிக்கூடம் எப்படியிருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன். எழுதாமல் விட்டால் அப்படியொன்று நடக்கவே இல்லை என்று இந்த ஊர் சொல்லிவிடும். தோட்டம் துரவு உள்ளவர்களின் பிள்ளைகள் வாங்குப் பலகையில். அந்தத் தோட்டங்களில் கூலிக்கு நிற்கிறவர்களின், பனை ஏறுகிறவர்களின் பிள்ளைகள் கீழே மண்ணில், ஓலைத் தடுக்கில். எல்லாப் பிள்ளைகளையும் சமமாக இருத்தவேண்டும் என்று கொழும்பிலிருந்து கடதாசி வந்திருந்தது. அம்மான் அதை வாசித்து, மடித்து, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். "கொழும்பிலை இருக்கிறவனுக்கு என்ன? அவன் இஞ்சை வந்து பொம்பிளை எடுக்கப்போறானோ?" என்றார். அதோடு அந்தக் கதை முடிந்தது.

நான் கோபக்காரி. மீன்காரியோடும் சண்டை, தபால்காரனோடும் சண்டை. ஆனால் அந்தத் தடுக்கைப் பற்றி அம்மானோடு ஒரு சொல் கதைத்தேனா? இல்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது கண்ணில் படவே இல்லை. நாங்கள் படிக்கும்போதும் அப்படித்தான் இருந்தது. உனக்குப் பட்டது. நீ சத்தம் போடுகிறவள் இல்லை. பூமிசாத்திரப் பாடத்துக்கு ஆபிரிக்காப் படத்தை எடுத்துச் சுவரில் மாட்டினாய்.

அந்தப் பாடங்களை நான் அரைச்சுவருக்கு இந்தப் பக்கம் என் வகுப்பில் இருந்தே கேட்டிருக்கிறேன். என் பிள்ளைகளுக்குக் கணக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டு உன் குரலுக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பேன்.

"இந்தப் பாலைவனத்துக்குக் கீழை முந்தி ஒரு ராச்சியம் இருந்தது, கானா எண்டு. வெள்ளைக்காரன் கப்பல் கட்டி அந்தக் கரைக்கு வாறதுக்கு எத்தினையோ தலைமுறைக்கு முந்தி. தெற்கிலை பொன், வடக்கிலை உப்பு. உப்பில்லாத சனம் உப்புக்குப் பொன் குடுத்தது."

வாங்கிலிருந்து ஒருவன் எழும்பினான். "அப்ப ஆனையிறவு உப்பளத்து ஆக்கள் எல்லாரும் ராசாக்கள் எல்லோ ரீச்சர்!"

வகுப்பு முழுக்கச் சிரிப்பு. நீயும் சிரித்தாய். பிறகு அந்த யாவாரம் எப்படி நடந்தது என்று சொன்னாய். உப்புக்காரர் ஆற்றங்கரையில் உப்பைக் குவித்துவிட்டு மறைந்துபோவார்கள். பொன்காரர் வந்து பக்கத்தில் பொன்னை வைத்துவிட்டு மறைந்துபோவார்கள். பொன் போதாதென்றால் உப்புக்காரர் தொடமாட்டார்கள், மற்றவர்கள் வந்து இன்னும் கொஞ்சம் வைப்பார்கள். ஆளை ஆள் காணாமல், ஒரு சொல் கதைக்காமல், ஏமாற்றும் இல்லாமல். "எங்கடை சந்தையிலை முகத்தைப் பாத்துக்கொண்டே ஏமாத்துவினம்" என்று நான் இந்தப் பக்கத்திலிருந்து கத்தினேன். உன் வகுப்பும் என் வகுப்பும் சேர்ந்து சிரித்தன.

குதிரைகளுக்குப் பொன் இழைத்த துணி போர்த்த அரசன். நாய்களின் கழுத்தில் பொன் பட்டி. அரசனுக்குப் பிறகு அவன் மகனுக்கில்லை, அவன் சகோதரியின் மகனுக்குத்தான் இராச்சியம். அதைச் சொன்ன அன்று வீட்டுக்கு வந்து, "உன்ரை அம்மான் அங்கை பிறந்திருந்தால் இந்தப் பள்ளிக்கூடம் உன்ரை தம்பிக்குத்தான்" என்று என்னைப் பகிடி பண்ணினாய். கானாவுக்குப் பிறகு மாலி. அந்த நாட்டு அரசன் ஒருவன் மக்காவுக்கு யாத்திரை போன வழியில் அள்ளிக் கொடுத்த பொன்னால் எகிப்தில் பொன்னின் மதிப்பே இறங்கிப்போனது. புத்தகம் விற்கிறவனுக்குப் பெரிய இலாபம் கிடைத்த ஒரு நகரம். கிழக்கே கடலோரத்தில் கல்லால் கட்டிய பட்டினங்கள். உள்நாட்டில், சாந்தில்லாமல் கல்லின்மேல் கல் வைத்துக் கட்டிய மதில். "இதைக் கறுப்பர் கட்டியிருக்க ஏலாது, வேறை ஆரோ வந்து கட்டினது எண்டு வெள்ளைக்காரர் கனகாலம் சொல்லிக்கொண்டு திரிஞ்சவை" என்றாய்.

எங்கள் வீட்டில் ஒருவரும் இதை நம்பவில்லை. யாழ்ப்பாணம் பட்டணத்திலிருந்து மாதமொருமுறை புடைவை மூட்டையோடு வருகிற முஸ்லிம் வியாபாரி, நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், அவர் மட்டும்தான் நம்பினார். அவர் ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர். "மக்கத்திலை கண்டனான் ரீச்சர். ஆபிரிக்காவின்ரை மேற்குக் கடற்கரையிலை இருந்து நடந்து வந்த கறுப்பு ஆக்கள். வெளிக்கிடேக்கை கைக்குழந்தையாம், வந்து சேரேக்கை அது வாய் ஓயாமல் கதைக்கிற பிள்ளை. என்ன ஓதல் அவையின்ரை! நான் வாயைப் பிளந்துகொண்டு நிண்டனான்." மூட்டையை மறந்து நீங்கள் இருவரும் கதைத்துக்கொண்டிருப்பீர்கள். கானா அரசன் முன் வருகிறவர்கள் முழந்தாளிட்டுத் தங்கள் தலையில் தாங்களே மண் தூவுவார்கள், அதுதான் அங்கத்தைய வணக்கம், அரசவைக்கு வந்த முஸ்லிம்கள் மட்டும் அப்படிச் செய்யாமல் கை தட்டுவார்கள் என்று நீ சொன்னாய். "அப்ப எனக்குக் கை தட்டினால் போதும்" என்று அவர் சொல்லிச் சிரித்தார்.

கதிரி அந்தக் கேள்வியைக் கேட்டது அடுத்த கிழமை. தடுக்கில் முன்வரிசையில் இருப்பாளே, பன்னிரண்டு வயது, மெலிந்தது, கண் மட்டும் பெரிதாக. எங்கள் வெங்காயத் தோட்டத்தில் வேலை செய்த முருகனின் மகள். அவள் வகுப்பில் வாய் திறந்து நான் அதற்குமுன் கேட்டதில்லை.

"ரீச்சர், அந்த ராச்சியத்து ஆக்களைப் பேந்து கப்பலிலை பிடிச்சுக்கொண்டு போய் வித்தவை எண்டு சொன்னனீங்கள். அவையள் அடிமையாய்ப் பிறந்த ஆக்களோ?"

"இல்லைப் பிள்ளை. பிடிக்கிறதுக்கு முந்தி அவை கொல்லர், வயல் செய்யிற கமக்காறர், மருந்து குடுக்கிற பரியாரிமார், ராசாவின்ரை பிள்ளையள். அந்த ராச்சியங்களுக்கையும் அடிமையள் இருந்தவை, நான் பொய் சொல்லக்கூடாது. ஆனால் அடிமை எண்டு ஒருத்தரும் பிறக்கிறேல்லை. ஆரோ ஆக்கினவைதான்."

அவள் இருக்கவில்லை, நின்றுகொண்டே யோசித்தாள். "அப்ப எங்கடை ஆக்கள் முந்தி என்னவாய் இருந்தவை?"

என் கணக்குப் பிள்ளைகள்கூட எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். நீ சுவரிலிருந்த படத்திலிருந்து விரலை எடுத்தாய். பிறகு, "தெரியாது பிள்ளை. என்னவாயோ இருந்திருப்பினம். ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை" என்றாய். அன்று பின்னேரம் நீ சாப்பிடவில்லை. நான், "ஒரு பிள்ளை கேட்டதுக்கு உதென்ன கோலம், சோத்திலை என்ன கோவம்?" என்று ஏசினேன்.

பரிசளிப்பு விழாவுக்குக் கானா அரசவையை நாடகமாகப் போடுவோம் என்று நீ சொன்னபோது நான் சிரித்தேன். அம்மான் விடுவாரா என்றேன். நீயே போய்க் கேட்டாய். நானும் கூட நின்றேன். அவர் வெற்றிலைத் தட்டத்தோடு இருந்தார்.

"என்ன நாடகம்?"

"ஆபிரிக்கா நாடகம் ஐயா. ஒரு ராசாவின்ரை சபை."

"காப்பிரியளோ?" அவருக்குச் சிரிப்பு வந்தது. "அப்ப உந்தக் கீழை இருக்கிற பிள்ளையளையே விடுங்கோவன். கரி பூசிற வேலையும் மிச்சம்." சிரித்து முடித்து, மனம் நல்லாக இருந்ததில் தானாகவே சொன்னார்: "ராசாவுக்கு என்ரை கதிரையைக் கொண்டுபோங்கோ. ராசாவை உந்த உடைஞ்ச ஸ்டூலிலை இருத்தி என்ரை மானத்தை வாங்காதேயுங்கோ."

ஒல்லாந்தர் காலத்து, கைப்பிடியில் பூ வேலை செய்த கருங்காலிக் கதிரை. அதில் அவரைத் தவிர அவருடைய சொந்த மகன்கூட இருந்தது கிடையாது.

தெருவுக்கு வரும்வரை அடக்கிக்கொண்டு வந்தோம். வாசல் படலை தாண்டியதும் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம், வயிறு நோகச் சிரித்தோம். அவருக்குக் காப்பிரியும் ராசாவும் ஒன்றாக வரும் என்று புத்திக்கே எட்டவில்லை. காப்பிரி என்றால் சாமரம் வீசுகிறவன், தீவட்டி பிடிக்கிறவன். ராசா என்றால் வெள்ளைக்காரன், இல்லாவிட்டால் எங்கள் ஆட்களில் ஒரு பெடியன். இரண்டும் ஒரே ஆள் என்று நாங்கள் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. "அவர் கதிரையைத் தந்திட்டார், நாங்கள் பொய் ஒண்டும் சொல்லேல்லை" என்றாய் நீ, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு. உன்னை அவ்வளவு சந்தோஷமாக நான் கண்டது அன்றுதான் கடைசி.

கதிரிதான் அரசன். மஞ்சள் தோய்த்த ஓலையில் கிரீடம். பள்ளிக்கூடத்து நாய்க்கும் அதே ஓலையில் கழுத்துப்பட்டி. அது ஒத்திகைக்கு ஒத்திகை அதைத் தின்றுவிட்டது. அரசன் முன் மண் தூவுகிறது யார் என்ற கேள்வி வந்தது. "பெரிய வீட்டுப் பிள்ளையளை உதுக்கு விட ஏலாது, அதுகளைத்தான் வீட்டிலை அடிப்பினம்" என்றாய். "நாங்கள் இரண்டு பேரும் போவம். நான் பொன் தட்டத்தோடை, நீ உப்புத் தட்டத்தோடை."

"மண் அள்ளித் தலையிலை போடுறதோ? எங்கடை ஊரிலை அது சாபமடி."

"அங்கை மரியாதை."

"சரி, ஓம்" என்றேன். நான் சொன்ன ஓம் அது. ஒருவரும் என் கையைப் பிடித்து முறுக்கிச் சொல்லுவிக்கவில்லை.

விழா அன்று பின்னேரம் வெயில் சாய்ந்த நேரம். முன்வரிசையில் அம்மான், பக்கத்தில் அவர் அழைத்த பெரிய மனிதர்கள், பின்னால் ஊர். தெருவோரத்தில், அரைச்சுவருக்கு வெளியே, கதிரியின் தாயும் தகப்பனும் அவர்களின் ஆட்களும் நின்றார்கள். சேலையால் கட்டிய திரையை இழுத்தார்கள். கருங்காலிக் கதிரையில் கதிரி. கால் நிலத்தைத் தொடவில்லை. முதுகு மட்டும் நேரே. நீ சொல்லிக் கொடுத்தபடி இரண்டு கையையும் கைப்பிடியில் வைத்திருந்தாள்.

முதலில் சிரித்தார்கள், பகிடி நாடகம் என்று. பிறகு அவள் இறங்கவில்லை, வேறு ராசா வரவில்லை. சிரிப்பு ஒவ்வொரு வாயாக நின்றது.

நான் திரைக்கு இந்தப் பக்கம் உப்புத் தட்டத்தோடு நின்றேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். சேலை இடுக்கால் எனக்கு அம்மானின் முகம் தெரிந்தது. அவர் கோபமாக இருந்திருந்தால் நான் வந்திருப்பேன், சத்தியமாகச் சொல்கிறேன். கோபத்துக்கு நான் பயந்தவள் இல்லை. அவர் முகத்தில் கோபம் இல்லை. யாரோ நடுச்சபையில் தன் வேட்டியை உரிந்துவிட்டதுபோல இருந்தார். என்னைத் தூக்கி வளர்த்த மனுஷன். தட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "வாவன்" என்று நீ உதட்டால் சொன்னாய். நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று.

நீ தனியே போனாய். முழந்தாளிட்டாய். தட்டத்தை வைத்தாய். கை நிறைய மண் அள்ளி உன் தலையில் போட்டாய். எண்ணெய் வைத்து வாரிய தலை, மண் அப்படியே ஒட்டிக்கொண்டது. "ராசாவே, உங்கடை நாட்டிலை எங்களுக்கும் இடம் தாருங்கோ" என்றாய். அது நாடகத்தில் நீ எழுதிய வரிதான். ஆனால் ஒத்திகையில் அதை நீ அப்படிச் சொன்னதில்லை.

பிறகு பின்னாலிருந்து கை தட்டுகிற சத்தம் கேட்டது. புடைவைக்கார நானா. அந்தச் சபையில் தன் ஆட்கள் செய்வது என்று நீ சொல்லிக் கொடுத்ததைச் செய்தார். நாலு தரம் தட்டினார், ஐந்து தரம். ஊரே திரும்பிப் பார்த்தது. நிறுத்திக் கையை இறக்கிக்கொண்டார். அதன்பிறகு எங்கள் ஊருக்கு அவர் மூட்டை கொண்டு வரவில்லை.

அம்மான் எழுந்து சால்வையைச் சரிசெய்தார். "கதிரை இனி எனக்கு வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

மூன்றாம் நாள் காலை பள்ளிக்கூடத்துக்குப் போனால் பள்ளிக்கூடம் இல்லை. கருகிய கப்புத் தூண்களும் சாம்பலும். கிடுகு எரிந்து அடங்கிய அந்த மணம் என் சேலையில் எத்தனை நாள் நின்றது என்று உனக்குத் தெரியாது, அதற்குள் நீ எங்கள் வீட்டைவிட்டுப் போய்விட்டாய். யார் வைத்த நெருப்பு என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஒருவருக்கும் தெரியாது. கதிரை போனது. உன் புத்தகம் போனது. அதிலிருந்து தமிழில் நீ எழுதி வைத்த நாலு கொப்பிகளும் போயின. நீ சாம்பலுக்குள் தடி வைத்துக் கிளறிக்கொண்டு நின்றாய். நான் கிட்ட வந்தபோது, "கதிரி வரேல்லை" என்றாய். அவள் பிறகு ஒருநாளும் வரவில்லை.

விசாரணைக்குப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்தார். நடந்ததை எழுதித் தரச் சொன்னார். அம்மான் வீட்டு மேசையில் இருந்து எழுதினேன். இந்த நாடகத்தைப் பற்றி எனக்கு முன்னமே ஒன்றும் தெரியாது, மனேச்சரின் அனுமதியை ஏமாற்றி வாங்கியது, பிள்ளைகளின் மனத்தைக் கெடுக்கிற பாடங்கள் கனநாளாக நடந்தன. அம்மான் சொல்லச் சொல்ல எழுதினேன் என்று இவ்வளவு காலமும் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். இப்போது யாருக்கு மறைக்க? அவர் சொன்னது மூன்று வரி. நான் எழுதியது ஒரு பக்கம். எனக்குப் பயம் வந்தால் நான் கெட்டிக்காரி.

அந்தக் கடதாசியை உனக்குக் காட்டித்தான் உன்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நீ எங்கள் வீட்டுக்கு வந்து உன் தகரப் பெட்டியை அடுக்கினாய். அம்மா அடுப்படிக்குள் அழுதுகொண்டிருந்தா. நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, நீ கேட்கப்போகிற கேள்விக்கெல்லாம் மறுமொழி அடுக்கி வைத்திருந்தேன். எனக்கு வயதான தாய் இருக்கிறா, தம்பி இருக்கிறான், உனக்கென்ன, நீ சுன்னாகத்துக்குப் போய்விடுவாய். நீ ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியைப் பூட்டினாய். "உன்ரை எழுத்து எப்பவும் வடிவடி" என்றாய். பிறகு வண்டிலில் ஏறினாய்.

வேறு ஒரு மனேச்சரும் உன்னை எடுக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் மனேச்சர்மார் எல்லோரும் ஒருவருக்கொருவர் மச்சான்தானே. சுன்னாகம் ஸ்டேஷனில் ஒருமுறை உன்னைக் கண்டேன். நான் கண்டது உனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். பெண்கள் பெட்டிக்குள் குனிந்து, ரெயில் வெளிக்கிடும்வரை செருப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அடுத்த மாரிக்கு உனக்கு நெருப்புக் காய்ச்சல் என்று உன் வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். இருபத்தொரு நாள் காய்ச்சல். இருபத்தொரு நாளும் நாளைக்குப் போவோம், நாளைக்குப் போவோம் என்றிருந்தேன்.

செத்தவீட்டுக்கு வந்தேன். உன் அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நீயெல்லோ பிள்ளை அவளின்ரை ஒரே சிநேகிதி. உனக்குப் பள்ளிக்கூடத்திலை லீவு குடுக்கமாட்டினம் எண்டு சொல்லிக்கொண்டே கிடந்தவள்" என்று குழறினா. நீ உன் தாய்க்குக்கூடச் சொல்லவில்லை. பிணம் எடுக்கும்வரை எனக்குக் கோப்பி கொடுத்து, பாய் போட்டு, உன் வீட்டில் என்னைக் கொண்டாடினார்கள். ஏனடி சொல்லவில்லை? ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தப் படலையிலேயே என்னைத் துரத்தியிருப்பார்கள், அதோடு நான் தப்பியிருப்பேன்.

இப்போது அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டுக் கூரை. நான் தலைமை ஆசிரியை. அம்மான் சாகுமுன் செய்துவைத்த காரியம், என் வடிவான எழுத்துக்குக் கிடைத்த பரிசு. எல்லாப் பிள்ளைகளுக்கும் வாங்கு உண்டு. கடைசி வாங்கு யாருக்கு என்று ஒருவரும் எழுதி ஒட்டவில்லை. அந்தப் பிள்ளைகள் தாங்களாகவே போய் அதில் இருக்கிறார்கள். பூமிசாத்திரத்தில் ஆபிரிக்கா வந்தால் ஆறுகளின் பெயரையும் மலைகளின் பெயரையும் பலகையில் எழுதிவிட்டு அடுத்த கண்டத்துக்குப் போய்விடுகிறேன். உன் கொப்பிகளில் இருந்தது இந்த ஊரில் இனி என் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. அதுவும் போகிறது. கானா, மாலி, அதற்குப் பிறகு பெரிய ஆற்றங்கரையில் ஒன்று. பெயர் நேற்று முழுக்க வரவில்லை. கேட்க யார் இருக்கிறார்கள்? யாரும் எழுதி வைக்கவில்லை என்று அன்று நீ கதிரிக்குச் சொன்னாய். நீ எழுதி வைத்தாய். அது எரிந்த நெருப்புக்கு நானும் ஒரு கை கிடுகு போட்டேன்.

கதிரியைப் போன வருஷம் சுன்னாகம் சந்தையில் கண்டேன். வெங்காயப் பிடி கட்டிக்கொண்டிருந்தாள், இடுப்பில் ஒரு பிள்ளை. கண்ணை வைத்துத்தான் ஆளை மட்டுக்கட்டினேன். "கதிரி, என்னைத் தெரியுதோ?" என்றேன்.

எழும்பினாள். தோளில் கிடந்த துணியை மரியாதைக்குக் கையில் எடுத்துக்கொண்டாள். "ஓம் நாச்சியார்" என்றாள். பள்ளிக்கூடத்தில் ரீச்சர் என்றவள்.

"நாடகம் நினைவிருக்கோ?"

அவள் அங்குமிங்கும் பார்த்தாள். குரலைத் தணித்துக்கொண்டு, "உதை இஞ்சை கதையாதேங்கோ நாச்சியார். அதுக்குப் பேந்து என்ரை தகப்பனைக் கட்டி வைச்சு அடிச்சவை. அந்தக் கை பேந்து நிமிரேல்லை" என்றாள். முருகன் பிறகு எங்கள் தோட்டத்துக்கு வராமல் விட்டது ஏன் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். உனக்கு முதலே தெரிந்திருந்ததா? பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு விடுவாயா என்று கேட்டேன். அவள் இல்லை என்று தலையாட்டினாள், வெங்காயத்தைக் கட்டத் தொடங்கினாள்.

இவ்வளவும் பழைய கதை. இதற்காக மட்டும் என்றால் நான் உனக்கு எழுதத் துணிந்திருக்கமாட்டேன். போன கிழமை ஒன்று நடந்தது, அதை உன்னைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல ஏலாது.

உலகச் சண்டைக்கென்று வெள்ளைக்காரர் ஆபிரிக்காவிலிருந்து பட்டாளம் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். ஊர் காப்பிரிப் பட்டாளம் என்கிறது. அவர்களின் லொறி ஒன்று பருத்தித்துறைத் தெருவில் எங்கள் படலைக்கு நேரே சூடேறி நின்றுவிட்டது. ஒருவன் இறங்கி நேரே கிணற்றடிக்கு வந்தான். இருபது வயதிருக்கும். கன்னத்தில் பக்கத்துக்கு மூன்று கீறல். நான் துலாவை இழுத்துத் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றேன். நீ சுவரில் விரல் வைத்துக் காட்டிய நிலத்திலிருந்து ஒருவன் நடந்து என் கிணற்றுக்கே வந்துவிட்டான். எந்த ஊர் தம்பி, உங்களுடைய பழைய அரசர்களைப் பற்றி உன் வீட்டில் கதைப்பார்களா என்று கேட்க எனக்கு இங்கிலீஷ் இருந்தது. வாய்க்குள் வந்தும் விட்டது.

அவன் தண்ணீர் என்று கையால் காட்டினான். செம்பை நிறைத்தேன். வாங்கக் கையை நீட்டினான். நான் கொடுக்கவில்லை. செம்பு தானாக மேலே போனது, எங்கள் தோட்டத்துக் கூலியாட்களுக்கு அம்மா ஊற்றுகிற உயரத்துக்கு. அவன் செம்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு கெதியாகக் குனிந்து இரண்டு கையையும் குவித்தான். எங்கேயோ பழகியிருக்கிறான். நான் ஊற்ற ஊற்றக் குடித்தான். முழங்கையால் வாயைத் துடைத்து, சிரித்து, நன்றி சொல்லி ஓடிப்போய் லொறியில் ஏறினான்.

அவன் அந்தச் செம்பைத் தொடவே இல்லை. ஆனாலும் நான் சாம்பல் எடுத்து, உள்ளும் புறமும் தேய்த்து, மூன்று தண்ணீரில் அலசினேன். கழுவிக் கவிழ்த்து வைத்த பிறகுதானடி எனக்கு உன் நினைவு வந்தது.